மழையில் தூக்கிய பாய்

சவாயீ தீவு, கிழக்குக் கரை
சனிக்கிழமை, மழை விட்ட பிறகு

எங்கள் குடும்பத்தின் கிரீடமும், ஆக்லாந்து மாநகரில் இத்தனை வருடம் நம் பெயருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டவருமான மரியாதைக்குரிய அக்கா அசெனாதி அவர்களின் பாதங்களுக்கு,

கொப்பரை எடை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பி பெனியாமினா தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். என் மனைவி லோசா சுகம். பன்றிகள் சுகம். சேம்புத் தோட்டமும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் முட்டி வலி குறைய வேண்டும் என்று தினமும் மாலை ஜெபத்தில் மறக்காமல் சொல்கிறோம். சுகமில்லாதது இங்கே ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் வீடு.

பயப்படாதீர்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீங்கள் “வீடு எப்படி இருக்கு தம்பி, ஜன்னல் வழியா கடல் தெரியுதா?” என்று கேட்பீர்கள், நான் “தெரியுது அக்கா” என்று சொல்வேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். கடல் தெரிவது உண்மைதான். சுவர் வழியாகவும் தெரிகிறது. ஆகவே முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்: ஜனவரி கடைசியில் நீங்கள் வர வேண்டாம். ஃபிளாட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தை எப்படியாவது திரும்ப வாங்கிவிடுங்கள். நீங்கள் வரப்போவதாகச் சொன்ன அன்று லோசா சந்தோஷத்தில் அழுதாள். நானும் அழுதேன். காரணம்தான் வேறு.

நீங்கள் பணம் அனுப்பி, நாங்கள் குடியிருந்து பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி செமீசியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த ஊர்க்காரன், ஆறடிக்கு மேல் உயரம், சபைப் பாட்டில் அடித்தொண்டையில் பாடுகிறவன். அவன்மேல் கோபப்படுவது சுலபமான காரியமில்லை. வாயைத் திறந்தால் ஒன்று பாட்டு, இல்லையென்றால் ஜெபம். சாரத்தில் ஏறி நின்று அவன் பாடினால் தெருவில் போகிற பஸ் நிற்கும், டிரைவர் இறங்கி வந்து சேர்ந்து பாடுவார், பயணிகளும் பாடுவார்கள், கடைசியில் சுவர் மட்டும் எழும்பாது. தூக்குக்குண்டு ஒன்று வைத்திருந்தான். அதைச் சுவர் பக்கத்தில் நான் பார்த்ததில்லை, மீன் பிடிக்கும் கயிற்றில்தான் பார்த்தேன்.

தரை போடும் நேரத்தில் சிமெண்ட் பாதி காணாமல் போயிற்று. தேடிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் புத்தம்புதுக் கல்லறை ஒன்று, மூன்று அடுக்கு, நாலு பக்கமும் படி, மேலே வெள்ளை அடித்துப் பளபளவென்று நிற்கிறது.

“மேஸ்திரி, அக்கா வீட்டுத் தரைக்கு வாங்கின சிமெண்ட் எங்கப்பா?” என்று கேட்டேன்.

“அண்ணே, பெரியப்பா திடீர்னு போயிட்டாரு. சாகறவரு முன்கூட்டியே சொல்லிட்டா சாவாரு?”

“அதுக்கு எங்க சிமெண்ட்டா?”

“உங்க தரையில கொஞ்சம் மணலைக் கூட்டிப் போட்டுக்கலாம் அண்ணே. உயிரோட இருக்கறவங்க அனுசரிச்சுப் போயிடுவாங்க. செத்தவங்களால முடியுமா, சொல்லுங்க?”

ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தக் கல்லறையில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. அவன் பெரியப்பா நம்மைவிட நல்ல தரையில் படுத்திருக்கிறார். கூட்டிப் போட்ட மணலோ நேராகக் கடற்கரையிலிருந்து வந்தது. கழுவவும் இல்லை, சலிக்கவும் இல்லை. அதனால் நம் சுவர்கள் எல்லாம் உப்புப் பூக்கின்றன. லோசா துணியை வைத்துத் துடைத்துத் துடைத்துக் கை வெடித்துப்போனாள். துடைக்காத பக்கத்தைப் பன்றிகள் வந்து நக்கிவிட்டுப் போகின்றன. கிழக்குச் சுவர் நக்கி நக்கியே மெலிந்துவிட்டது.

சரி, சுவரை விடுங்கள், பின்கதவுக்கு வாருங்கள். வர முடியாது. ஏனென்றால் பின்கதவுக்கு நேர் எதிரே தண்ணீர் டேங்க்கை வைத்துவிட்டான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்றால், “தண்ணி கைக்கு எட்டற மாதிரி இருக்கணும்னு அக்காதானே சொன்னாங்க” என்கிறான். எட்டத்தான் எட்டுகிறது. கதவைக் கால்வாசி திறந்து கையை நீட்டினால் குழாய் கிடைக்கும், ஆள்தான் வெளியே போக முடியாது. அந்தக் குழாயைத் திருகினாலும் காற்றுதான் வரும். கூரையிலிருந்து டேங்க்குக்கு ஓட வேண்டிய தகரக் கால்வாயை எதிர்ப்பக்கம் சரித்து வைத்திருக்கிறான், ஆகவே மழைத்தண்ணீர் முழுவதும் உங்கள் படுக்கையறைக்கு வந்துவிடுகிறது. அந்த அறையின் விளக்கு சுவிட்ச் சமையலறையில் இருக்கிறது. ராத்திரி நீங்கள் விளக்கை அணைக்க வேண்டுமென்றால் லோசாவைக் கூப்பிட வேண்டும். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி போடச் சொன்னீர்கள், ஆக்லாந்தில் திருட்டுப் பயம் பழகிவிட்டது என்று. அந்த ஒரு வேலையை மட்டும் அவன் அப்பழுக்கில்லாமல் செய்தான். அந்தக் கம்பிகளை யானை இழுத்தாலும் அசைக்க முடியாது.

பிறகு முன்கதவு. பச்சை மரத்தில் செய்தது. வெயில் காலத்தில் கதவுபோல நடந்துகொள்ளும். மழைக்காலம் தொடங்கியதும் உப்பிக்கொண்டு நிலையோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் வித்தை செமீசி ஒருவனுக்குத்தான் தெரியும். கைப்பிடியை மேலே தூக்க வேண்டும், இடது பக்கம் நெருக்க வேண்டும், அதே நேரம் கீழே முட்டியால் இடிக்க வேண்டும். எனக்கு மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் வரும். கதவே இல்லாத வீட்டில் பிறந்து, நாலு பக்கமும் தென்னோலைத் தட்டியைத் தூக்கிவிட்டுத் தூங்கி வளர்ந்தவன் நான். செமீசி இன்றைக்கும் அப்படிப்பட்ட திறந்த வீட்டில்தான் இருக்கிறான். கதவு என்ற சாமானை அவன் பிறத்தியார் வீட்டில்தான் பார்த்திருக்கிறான் என்பதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் வீடு திறக்கும் விருந்தை வைத்துத்தானே ஆக வேண்டும்? கட்டி முடித்தவனுக்குப் பன்றி அடித்துச் சோறு போட்டுப் பாய் கொடுத்து அனுப்பாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? எந்தப் பாயைக் கொடுப்பது என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள்தான் சொன்னீர்கள்: “அம்மா மெத்தைக்கு அடியில வச்சிருந்த பெரிய பாயைக் கொடு தம்பி. எனக்குன்னு ஒரு வீட்டைக் கட்டினவன் சின்னப் பாயோட போகக் கூடாது.” விளிம்பில் சிவப்பு இறகு வைத்தது, பட்டுமாதிரி மடிவது, வலது மூலையில் அம்மா தன் கையால் ஒட்டுப் பின்னியது. உங்கள் கடைசிக் காலத்துக்கென்று நீங்கள் நினைத்து வைத்திருந்த பாய் அது என்று எனக்குத் தெரியும். செமீசி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மூன்று பாட்டுப் பாடினான்.

அதற்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க எடை போட்டவன் சொல்கிறேன், பத்து மூட்டைக் கொப்பரைக்குக் குறையாது. சேம்பும் தேங்காய்ப்பால் கீரையும் நன்றாகச் சாப்பிட்டார். வீட்டைப் புகழ்ந்தார். பிறகு பாத்ரூம் எங்கே என்று கேட்டார். நான் காட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, மாங்காய் விழுந்த மாதிரிதான். பிறகு உள்ளேயிருந்து, “பெனியாமினா, நான் கொஞ்சம் கீழ போயிட்டேன்னு நினைக்கிறேன்” என்று குரல் வந்தது. போய்ப் பார்த்தால் தரை உடைந்து இடுப்பு வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டார். கை இரண்டும் மேலே, ஒரு கையில் சோப்பு. பாட்டுக்குழு முழுவதும் வந்து தூக்க வேண்டியிருந்தது. கணுக்கால் முறிந்துவிட்டது. தூக்கும்போது அவர் வேட்டி கீழேயே தங்கிவிட்டது. இது நம் வீட்டில் நடந்தது அக்கா. உங்கள் பெயரில் கட்டின வீட்டில்.

ஆனால் அந்த விபத்தில் எனக்கு ஒரு நன்மை கிடைத்தது என்று நினைத்தேன். அதுவரை என் புகாரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதகர் கால் முறிந்ததும் ஊர்ச் சபை விழித்துக்கொண்டது. செமீசி கட்டின மற்ற வீட்டுக்காரர்களும் தைரியமாக வாயைத் திறந்தார்கள். டீச்சர் ஃபியாசிலி வந்தாள், அவள் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் கிடந்ததாம், மாணவர்கள் எடுத்துக்கொண்டு வந்து, “டீச்சர், உங்க வீடு” என்று கொடுத்தார்களாம். கப்பலில் சமையல் செய்கிற வாலு வந்தான், அவன் வீட்டில் படிக்கட்டு மேலே ஏறிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது, மாடிக்கு ஏணி வைத்துத்தான் போகிறான். மூன்று பேரும் சேர்ந்து சபையில் புகார் கொடுத்தோம். திங்கட்கிழமை விசாரணை என்று தலைவர்கள் நாள் குறித்தார்கள். செமீசியின் குடும்பம் முழுவதும் இறங்கி, நம் தரையையும் கூரையையும் ஜனவரி கடைசிக்குள் புதிதாகச் செய்து தர வேண்டும் என்று தீர்ப்பு வரும் எனத் தலைவர் ஒருவரே என் காதில் சொன்னார். பல மாதத்துக்குப் பிறகு அன்று ராத்திரி நான் தூங்கினேன். அக்கா வரலாம் என்று லோசாவிடம் சொன்னேன்.

அது வியாழக்கிழமை. இன்று சனிக்கிழமை.

விடிகிற நேரத்தில் லோசா என்னை உலுக்கினாள். “என்னங்க, எந்திரிங்க. வாசல் புல்லுல யாரோ பாயைப் போத்திக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்காங்க.”

“யாரு?”

“முகம் தெரியல. பாய்க்கு வெளிய பெரிய பாதம் ரெண்டு தெரியுது. நகத்துல சிமெண்ட் இருக்கு.”

செமீசிதான். மனைவியோடும் தம்பிமார்களோடும் இஃபோங்கா செய்ய வந்துவிட்டான். போதகரை என் வீட்டில் விழவைத்து என் குடும்பத்துக்கு ஏற்படுத்திய அவமானத்துக்காகத் தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு, எதிரே விறகும் கல்லும் வைத்து, ‘வேண்டுமானால் எங்களையே அடுப்பில் வைத்துச் சுட்டுக்கொள்’ என்று பேசாமல் உட்கார்ந்திருந்தான். உங்களுக்குத் தெரியாததா? நான் வெளியே வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தாயிற்று, அதற்குப் பிறகு விசாரணையும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. தூக்காவிட்டால் அவன் உட்கார்ந்தே இருக்க வேண்டும், வெயிலோ பசியோ, வாயைத் திறக்கக் கூடாது.

நான் கெட்டவன் இல்லை அக்கா. ஆனால் அவசரப்படக் கூடாது என்று முடிவு செய்தேன். ஊரெல்லாம் கூடிக்கொண்டிருந்தது. நன்றாக விடியட்டும், எல்லாரும் அந்தப் புல்லில் உட்கார்ந்து நம் வீட்டை வெளிச்சத்தில் பார்க்கட்டும், விரிசலைப் பார்க்கட்டும், பன்றி நக்கின சுவரைப் பார்க்கட்டும், மத்தியானம் வாக்கில் நம் வம்சப் பேச்சாளர் தோமாசிச் சித்தப்பா மூலம் ‘தரையும் கூரையும் புதிதாகச் செய்து தந்தால் பாயைத் தூக்குகிறோம்’ என்று சொல்லியனுப்பலாம் என்று திட்டம். லோசாவைக் கோக்கோ போடச் சொன்னேன். கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி வழியாக அவர்களைப் பார்த்தேன்.

முதலில் கல்லைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த கல்லாக இருந்தது. நம் அஸ்திவாரத்துக்கு வாங்கி, பாதி காணாமல் போய், நான் மாதக்கணக்கில் தேடின கல். விறகைப் பார்த்தேன். நம் கூரைக்கு வாங்கின சட்டம், இரண்டாக உடைத்தது. சரி, இதுவும் ஒரு துணிச்சல்தான் என்று நினைத்துக்கொண்டு பாயைப் பார்த்தேன். சிவப்பு இறகு. வலது மூலையில் ஒட்டு.

“லோசா, அது நம்ம பாய்” என்றேன்.

“தெரியும். அதான் உங்களை எழுப்பினேன்.”

“நம்ம கல்லு, நம்ம மரம், நம்ம பாய். இதுல அவன் சொந்தமா என்னதான் கொண்டு வந்தான்?”

“அழுகையைக் கொண்டு வந்திருக்கான். தோள் குலுங்குது பாருங்க” என்றாள்.

நான் பார்க்கவில்லை. நான் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

“மழை வருதுங்க.”

“வரட்டும். நல்லா நனையட்டும் பயல்.”

“மனுஷன் நனைஞ்சா காஞ்சுடுவான். பாய்?”

கோப்பை எங்கே விழுந்தது என்று தெரியாது. முன்கதவுக்கு ஓடினேன். மன்னிக்க ஓடவில்லை, இதை நீங்கள் ஒருவராவது நம்ப வேண்டும். அம்மா பின்னிய பாய், நீங்கள் உங்களுக்கென்று வைத்திருந்த பாய், அது மழையில் ஊறி நாசமாகிப் போகக் கூடாது என்று ஓடினேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கதவு அசையவில்லை. தூக்கினேன், நெருக்கினேன், முட்டியால் இடித்தேன், மூன்றையும் தனித்தனியாகச் செய்தேன். பின்கதவுக்கு ஓடினேன். டேங்க். ஜன்னலுக்கு ஓடினேன். கம்பி. திரும்ப முன்கதவுக்கு வந்து இரண்டு கையாலும் தட்டினேன், உதைத்தேன், நாற்காலியை எடுத்து அடித்தேன், கத்தினேன்.

வெளியே இருந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டு வந்தவர்கள் பேசாமல் குனிந்திருக்கிறார்கள். உள்ளே வீட்டுக்காரன் மரத்தை உடைக்கிறான், உறுமுகிறான். பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். தோமாசிச் சித்தப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்று, “பெனியாமினா! போதும்பா! கதவை உடைக்கற அளவுக்கா கோபம்?” என்று கூவினார்.

“கோபம் இல்ல சித்தப்பா! கதவு திறக்கல!”

“திறக்கறதுக்கு உனக்கு மனசு வரணும்பா! மனசைத் திற முதல்ல!”

“மனசெல்லாம் திறந்துதான் இருக்கு, கதவைத் தள்ளுங்க யாராவது!”

யாரும் தள்ளவில்லை. கோபமாக இருக்கிறவன் வீட்டுக் கதவை வெளியாள் எப்படித் தொடுவது? முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. லோசா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, “பாயை மடிங்க! யாராவது பாயை மடிங்க!” என்று அலறினாள். பாய்க்கடியில் செமீசி தவித்துக்கொண்டிருந்தான். அங்கே கூடியவர்களில் அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் பேசக் கூடாது, அசையக் கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு அவனால் முடியவில்லை. எழுந்துவிட்டான். பாயை விடக் கூடாதே, பாயோடு எழுந்தான். அவன் எழுந்ததால் மனைவியும் எழுந்தாள், தம்பிகளும் எழுந்தார்கள். எட்டுக் காலோடு நம் அம்மாவின் பாய் புல்லைக் கடந்து, படி ஏறி, வாசலுக்கு வந்தது. பாய்க்குள்ளேயிருந்து ஒரு கை நீண்டு வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தது. “அண்ணே, ஒதுங்கிக்குங்க” என்று பாய் சொன்னது. ஒரு தோள் இடித்தது. கதவு நிலையோடு பெயர்ந்து உள்ளே வந்து சாய்ந்தது. நான் ஒதுங்குவதற்குள் பாய் திரும்பி ஓடிப்போய்ப் பழைய இடத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டது.

மழை கொட்டத் தொடங்கியது. நான் வெளியே பாய்ந்து அந்தப் பாயை இரண்டு கையாலும் உருவி எடுத்து, சுருட்டி, சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறவாரத்துக்கு ஓடி வந்தேன். வந்து சேர்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஊர் முழுவதும் மழையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தது.

நான் பாயைத்தான் தூக்கினேன் அக்கா. அவனை மன்னிக்கவில்லை. ஆனால் நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே செய்கைதான்.

தோமாசிச் சித்தப்பா மழையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். “பார்த்தீங்களா மக்களே! எதிரி மேல நாலு துளி விழறதைக்கூடத் தாங்காம ஓடி வந்தான் பாருங்க!” போதகர் அக்குள்கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து என் தலையில் கை வைத்து, நாளைய பிரசங்கமே நான்தான் என்றார். தலைவர்கள் அங்கேயே தலையை ஆட்டி, திங்கட்கிழமை விசாரணை இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் சட்டைக்குள் பாயோடு நின்றேன். நாற்பது வருடம் ஒரு பிடிகூட ஏமாற்றாமல் கொப்பரை எடை போட்டேன், அப்போது ஒருவரும் என்னைப் புகழவில்லை. இன்றைக்குப் புகழ்கிறார்கள். இந்த நேரத்தில், ‘நான் பாய்க்காகத்தான் வந்தேன்’ என்று எப்படிச் சொல்வது?

புகார் கொடுத்த மற்ற இருவரும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்கள்.

“உங்களுக்குப் பெரிய மனசு மாமா. என் கூரை என்னாச்சு?” என்றாள் ஃபியாசிலி.

“என் படிக்கட்டு சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. நீ பாட்டுக்கு மன்னிச்சுட்ட. பரலோகத்துக்கு நீ மட்டும் ஏறிப் போ, நாங்க ஏணி வச்சு வரோம்” என்றான் வாலு.

எல்லாரும் கலைந்த பிறகும் செமீசி போகவில்லை. நனைந்தபடியே வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெரிய உடம்பு முழுவதும் அழுதது. “அக்கா முகத்துல எப்படிண்ணே முழிப்பேன்? அந்தம்மா வயசானவங்களைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிச் சேர்த்த வீடாமே. நான் பாடிக்கிட்டே கெடுத்துட்டேனே” என்றான். அவனை உதைக்க வேண்டும் என்று நினைத்திருந்த கால் அது. ஆனால் அந்தக் கேள்வியைத்தான் நானும் தினமும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்கிற இன்னொரு ஆள் இந்தத் தீவில் இருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் உப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதோம். லோசா இரண்டு கோப்பை கோக்கோ கொண்டு வந்து வைத்தாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. யார் யாருடைய அப்பா அம்மாவையோ நீங்கள் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, முட்டி தேய்ந்துபோய் அனுப்பிய பணத்தில் வந்த வீடு. அதில் நீங்கள் ஒரு கால் வைத்தால் தரை இறங்குகிறது, ஒரு கதவைத் திறந்தால் டேங்க் நிற்கிறது. செய்து தரச் சொல்லிக் கேட்க இருந்த ஒரு வழியையும் என் கையாலேயே சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஆகவே இந்த வருடம் வர வேண்டாம். என்னால் முடிந்ததை நானே மெதுவாகச் செய்கிறேன். மழைக்காலம் போகட்டும். கதவு சுருங்கட்டும். அதுவரை அந்த ஃபிளாட்டிலேயே, குளிரானாலும் தரை உறுதியாக இருக்கிற இடத்தில் இருங்கள்.

உங்கள் முட்டியையும் மூச்சையும் ஆண்டவர் காப்பாராக. உங்கள் சபையாருக்கும், உங்கள் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் தோங்காக்காரப் பெண்மணிக்கும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவர்களுக்கும் எங்கள் வணக்கம். லோசா உங்கள் கன்னத்தில் கன்னம் வைத்ததாக எழுதச் சொல்கிறாள். வெட்கத்தோடும் பாசத்தோடும் என்றும் உங்கள் சேவையில் இருக்கும்,

தம்பி பெனியாமினா

பின்குறிப்பு: இது திங்கட்கிழமை சாயங்காலம் எழுதுவது. நேற்றுப் போதகர் பிரசங்கத்தில் சொன்னார்: பாயைத் தூக்கியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது, அதைப் பற்றிய பேச்சை வாயாலோ கையாலோ மறுபடி எடுக்கிறவன், அடுத்து அவனே பாய்க்கடியில் போய் உட்கார வேண்டும். வாயைத்தான் சொல்வார் என்று நினைத்தேன், எழுதுகிற கையையும் சேர்த்துவிட்டார். அதனால் மேலே எழுதியதெல்லாம் நடக்கவில்லை. கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றால் வீட்டில் இந்த அரைத் தாள்தான் மிச்சம். தயவு செய்து இந்தப் பின்குறிப்பை மட்டும் படியுங்கள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாதபோது உங்களை வர வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணமும் இல்லை.

விசாரணை நடக்க வேண்டிய நேரத்துக்கு இன்று காலை செமீசி குடும்பத்தோடு வந்தான், யாரும் கூப்பிடவில்லை. பாடிக்கொண்டேதான் வந்தான், ஆனால் கழுவின மணலோடு வந்தான். பாத்ரூம் தரையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தது ஃபியாசிலியின் கூரையாம், பிறகு வாலுவின் படிக்கட்டாம். அதுவரை அவன் குடும்பத்தில் யாரும் இறந்துவிடக் கூடாது என்று நீங்களும் அங்கே ஜெபம் செய்யுங்கள். பின்கதவு எதிரே இருந்த டேங்க்கை நகர்த்திவிட்டார்கள். இப்போது அது சமையலறை ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

வழக்கப்படி தூக்கியவனுக்கே சேர்ந்த அந்தப் பாயை வெயிலில் உலர்த்தினோம். ஓரம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, இறகு தப்பித்துவிட்டது. அதை உங்கள் மெத்தைக்கு அடியில் விரித்து வைத்திருக்கிறேன். முன்கதவு மட்டும் அன்று நிலையோடு வந்ததிலிருந்து மூடுவதே இல்லை. கப்பல் எந்த நேரத்துக்கு வந்தாலும் நீங்கள் தட்ட வேண்டியதில்லை. வந்துவிடுங்கள் அக்கா.